ஆவி மண்டபம்

ஆரணியில் எங்கள் பெரியப்பா கட்டிய கல்யாண மண்டபத்துக்கு, வாசல் பளிங்கில் பொறித்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ஆவி மண்டபம் என்றால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார். வெளியூர்க்காரர்கள் பேய் நடமாடும் இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பேய் ஒன்றும் இல்லை. இட்லிப் பானையைத் திறந்தால் எழும்புமே, அந்த ஆவி. அந்தக் கட்டடத்தை வரைந்தவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னைக்கு ஆர்க்கிடெக்சர் படிக்கப் போனேன். அது என்ன படிப்பு என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பட்டுப்புடவை வியாபாரம் செய்தார்கள். கேட்பவர்களிடம் அப்பா, "இன்ஜினியர் மாதிரிதான், ஆனா டிராயிங் ஜாஸ்தி" என்று சொல்லிச் சமாளிப்பார். பெரியப்பா அப்படியில்லை. நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் வரைபடங்களைக் கடை மெத்தையில் விரிக்கச் சொல்லுவார். புது முந்தானையைப் பார்ப்பதுபோலக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்து பார்ப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கு விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, அவரும் பார்த்தாக வேண்டும். "எங்க பாப்பா வரஞ்சது" என்று சொல்லி அவர் முகத்தைப் பார்ப்பார்.

படிப்பு முடிந்து சென்னையிலேயே ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். எங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட் வெளிநாட்டில் சில காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சிமெண்டும் இரும்பும் எவ்வளவு நிலக்கரியை எரித்து உண்டாகின்றன, ஒரு கண்ணாடிக் கட்டடத்தைக் குளிரவைக்க எவ்வளவு மின்சாரம் போகிறது என்றெல்லாம் அவர் பேசுவதைக் கேட்டால் சாப்பாட்டு நேரம்கூட மறந்துபோகும். நெட் ஜீரோ என்ற சொல்லை அவரிடம்தான் முதலில் கேட்டேன். கட்டும்போது முடிந்தவரை குறைவாகக் கரியைக் காற்றில் விட வேண்டும். கட்டிய பிறகு, கட்டடம் செலவழிக்கும் மின்சாரத்தை அதுவே வெயிலிலிருந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கணக்கின் கடைசியில் பூஜ்யம் வர வேண்டும். அந்தப் பூஜ்யத்தின் மேல் எனக்கு ஒரு பித்தே பிடித்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா மண்டபம் கட்ட முடிவு செய்தார். ஆற்றை ஒட்டி அவருக்கு ஓர் இடம் இருந்தது. அவர் மகளுக்கு, என் தங்கைக்கு, வேலூரில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் கல்யாணம் அவளுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உள்ளூர் இன்ஜினியர் ஒருவர் பிளான் போட்டு வைத்திருந்தார். பெரியப்பா அதை மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் நெட் ஜீரோவைப் பற்றி எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"காத்துல கரி சேக்காத கட்டடம்ன்ற. செரி. அப்ப ஏசி?"

"வேணாம் பெரிப்பா."

"ஃபேனு?"

"மேடைக்கு மேல கொஞ்சம், சாப்பாட்டுக் கூடத்துல கொஞ்சம். மத்தது காத்தே பாத்துக்கும்."

"ஆத்துப் பக்கம் காத்து வரும். அது நெசம்தான்" என்றார்.

பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஊர்ல எல்லாரும் ஏசி மண்டபம் கட்டிகினு இருக்கறாங்க. நாம மட்டும் செவுத்துல ஓட்ட போட்டுகினு இருக்கறோம்" என்றாள்.

"படிச்ச புள்ள சொல்லுது. நீ சும்மா இரு" என்றார் பெரியப்பா.

அவள் சொன்ன ஓட்டைகள்தான் அந்தக் கட்டடத்தின் உயிர். ஆற்றைப் பார்த்த சுவர் முழுக்கச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி. அதன் வழியாகக் காற்று தாழ்வாக உள்ளே வரும். கூட்டத்தில் சூடாகி மேலே எழும்பும். கூரை உச்சியில் நான் வைத்திருந்த கூண்டுகள் வழியாக வெளியே போய்விடும். அதற்காகக் கூரையை மிக உயரமாக வைத்தேன். கூரைத் தளத்துக்குள் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தேன். விளக்குகளுக்கும் ஃபேன்களுக்கும் மட்டும் மாடியில் சோலார் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருந்தது. சென்னையில் கணினியில் காற்றை நீல அம்புகளாக ஓடவிட்டுப் பார்த்தேன். அம்புகள் நான் சொன்ன இடத்தில் நுழைந்து நான் சொன்ன இடத்தில் வெளியேறின.

கட்டி முடித்தது மார்கழியில். என் தலைமை ஆர்க்கிடெக்ட் ஒரு புகைப்படக்காரரோடு வந்து பார்த்தார். கூடத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. ஜாலி வழியே விழுந்த வெயில் தரையில் கோலம் போட்டிருந்தது. மேடையில் நின்றேன், துப்பட்டா காற்றில் எழும்பியது. அவர் என் தோளைத் தட்டி, இதுதான் நம் அலுவலகத்தின் சிறந்த வேலை என்றார். பெரியப்பா கொஞ்சம் தள்ளி நின்று, எங்கள் ஆங்கிலப் பேச்சைப் புரிந்ததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. முந்தின நாள் காலையில் நான் சென்னையிலிருந்து வந்து நேராக மண்டபத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் எனக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்றிருந்தது. ஜாலிச் சுவரே இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சிவப்பும் மஞ்சளுமாகக் கொசுவம் வைத்த துணி தொங்கியது. தலைக்கு மேலும் துணிதான். என் உயரமான கூரையை மறைத்து, பாதி உயரத்தில் வெள்ளைத் துணியால் ஒரு பொய்க் கூரை கட்டி, நடுவில் தெர்மாகோல் தாமரையும் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஏணியில் நின்ற அலங்காரக்காரரிடம் அதையெல்லாம் அவிழ்க்கச் சொன்னேன்.

"இன்னாம்மா நீ? மாப்ள வூட்டுக்காரங்க ஆல்பம் பாத்து சொன்ன டிசைன் இது. இப்ப போயி அவுறுன்ற" என்றார் அவர்.

பெரியம்மா வந்தாள். "ஓட்ட ஓட்டையா செவுரு தெரிஞ்சா வேலூர்க்காரங்க இன்னா நெனப்பாங்க? பூசக் காசில்லையான்னு கேக்க மாட்டாங்களா? ஒரு நாளு தானே. உடு பாப்பா."

நான் விட்டுவிட்டேன். ஒரு நாள்தானே என்று நானும் சொல்லிக்கொண்டேன். ஆரணியில் பிறந்து வளர்ந்தவள் நான். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஏதாவது ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் துணி கட்டாத கல்யாணத்தை நான் பார்த்ததே இல்லை. வரைபடத்தின் முன் உட்கார்ந்தபோது அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம். கூடம் நிரம்பி வழிந்தது. நான் கணக்கில் வைத்ததைவிட வெகு அதிகமான கூட்டம். மேடையின் இரு பக்கமும் வீடியோக்காரர்கள் ஆளுயரக் கம்பிகளில் விளக்குகளை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் போனால் அடுப்பெதிரில் நிற்பதுபோல் கன்னம் சுட்டது. அந்த விளக்குகளும் என் கணக்கில் இல்லை. ஐயர் மேடை ஃபேன்களை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓமம் வளர்த்தார். புகை மேலே போனது, துணிக் கூரையில் முட்டியது, அங்கேயே பரவி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. போக வழியில்லை.

முதலில் குழந்தைகள் அழுதன. பிறகு பெரியவர்கள் பத்திரிகையை மடித்து விசிற ஆரம்பித்தார்கள். எல்லோரும் பட்டில் இருந்தார்கள். பட்டில் வியர்வை பட்டால் என்னாகும் என்று அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண்கள் முதுகை நாற்காலியில் படவிடாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் கண் மை வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. நாத்தனார்க்காரி அதைத் துடைக்கத் துடைக்கப் பவுடரும் சேர்ந்து போனது. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரி ஒருத்தி என் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம், "இப்படி ஒரு மண்டபத்த எங்க தேடிப் புடிச்சாங்க?" என்று கேட்டாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். நாலைந்து பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, எதிரே இருந்த அரிசி மில் நிழலில் உட்காரவைத்ததும் அவருக்குத் தெளிந்துவிட்டது. ஆனால் அவரோடு வெளியே போனவர்கள் திரும்ப உள்ளே வரவில்லை. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து போனார்கள். தாலி கட்டும்போது கூடத்தில் பாதிக்கு மேல் காலி நாற்காலி. சொந்தக்காரர்கள் எல்லோரும் தெருவில் நின்றிருந்தார்கள். அட்சதை போட வேண்டியவர்களை யாரோ வாசலில் நின்று கூவிக் கூப்பிட வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் பெரியப்பா தெருவுக்குப் போனார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கையைக் கூப்பி, "தப்பா எடுத்துக்காதீங்க. புது மண்டபம், கொஞ்சம் இப்படி ஆயிடுச்சி. சாப்ட்டு போவணும்" என்றார். அந்த ஊரில் அவர் யாரிடமும் கைகூப்பி நின்று நான் பார்த்ததில்லை. அவரைவிட வயதில் சின்னவர்களிடமும் சொன்னார். நான் தூணோரமாக நின்று அதைப் பார்த்தேன். போய் அவர் பக்கத்தில் நின்று, இது நான் செய்தது என்று சொல்லியிருக்கலாம். தூணோரமாகவே நின்றேன்.

கடைசியில் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றும் சரி, அப்புறமும் சரி, அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சென்னைக்குப் பேருந்து ஏறும்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊர் பெயர் வைத்துவிட்டது. அடுத்து வந்த ஆவணி முகூர்த்தங்களுக்குப் பேசி வைத்திருந்தவர்கள் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். நான் ஆரணிக்குப் போவதையே தவிர்த்தேன். வேலை அதிகம் என்றேன். பெரியப்பாவே ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாப்பா, ஏசி போடலாம்னு இருக்கறேன். ஓட்டையெல்லாம் அடைக்கணுமாம். மேஸ்திரி கையில உட்டா எல்லாத்தயும் அடச்சி வச்சிருவான். நீ வந்து எதெத மூடலாம்னு சொல்லிட்டு போ. நீ கட்னது."

போனேன். மேஸ்திரி கலவையோடு காத்திருந்தார். என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்கள். நான் வரிசை வரிசையாக அடுக்கச் சொன்ன இடைவெளிகளின் மேல் நானே பெருக்கல் குறி போட்டுக்கொண்டு போனேன். கூரைக் கூண்டுகளையும் அடைக்கச் சொல்ல வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் குளிர் நிற்காது. எல்லாவற்றையும் பூசிய பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கூரை அவ்வளவு உயரம். சாதாரண மண்டபத்தைப்போல அதைச் சுலபமாகக் குளிரவைக்க முடியாது. அலமாரி மாதிரி நிற்கும் ஏசிகள் சுவரோரம் வரிசையாக வந்தன. அப்போது மின்வெட்டு அதிகம். கல்யாணத்தன்று அவற்றை ஓட்ட, அந்த வட்டாரத்தில் எந்த மண்டபத்திலும் இல்லாத அளவுக்குப் பெரிய டீசல் ஜெனரேட்டரைப் பெரியப்பா வாங்கினார். கரி சேர்க்காத கட்டடம் என்று நான் சொன்னது, முகூர்த்த நாளில் ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி உறுமிக்கொண்டு கரும்புகை விட்டது.

இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சில மாற்றங்கள் செய்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். ஆனால் மார்கழியில் எடுத்த படங்கள் ஒரு கட்டடக்கலைப் பத்திரிகையில் வந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரியிலிருந்து, மாணவர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். தலைமை ஆர்க்கிடெக்ட் என்னையே கூடப் போகச் சொன்னார். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பெரியப்பாவிடம், "பசங்க கட்டடம் பாக்க வராங்க" என்று மட்டும் சொன்னேன். எல்லாம் அவர்களே கண்ணால் பார்த்துவிடுவார்கள், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

பேருந்து மண்டபத்தின் முன் நின்றபோது பெரியப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றிருந்தார். உள்ளே போனோம். ஏசிகளைக் காணோம். அந்த இடத்திலெல்லாம் பட்டுத் துணி போர்த்திய தூண்கள் மாதிரி ஏதோ நின்றன. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டிக் பூஜாடி. பின்பக்கம் ஜெனரேட்டர் இருந்த இடத்தில் தார்ப்பாய் போட்டு அதன் மேல் வாழை இலைக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். பூசிய சுவரில் மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"மழ சாரல் அடிக்குது, அதான் கொஞ்சம் பூசிட்டோம்" என்று அவர்களிடம் சொன்னார். "மத்தபடி பாப்பா வரஞ்ச மாதிரியே தான். ஏசின்றதே கெடையாது. காத்து சூப்பரா வரும்."

காற்று எங்கே வரும்? பங்குனி வெயில். பிள்ளைகள் கழுத்தைத் துடைத்துக்கொண்டே குறிப்பெடுத்தார்கள். பெரியப்பா என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல.

ஒரு மாணவி பின்சுவர்ப் பக்கம் போய்விட்டு வந்தாள். "அங்கிள், பின்னாடி செவுத்துல வரிசையா பைப் வருதே, அதெல்லாம் என்ன?" என்று கேட்டாள்.

"அதுவா? அது... மழத் தண்ணி போறதுக்கு" என்றார்.

அவள் மறுபடி பின்சுவர்ப் பக்கம் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பையன் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும். என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. போய் ஒரு துணியை இழுத்தேன். பூஜாடி கீழே விழுந்து உருண்டது.

"இது ஏசி. இங்க வரிசையா இருக்கிறதெல்லாம் ஏசிதான். பின்சுவர்ல வர்ற பைப்பும் இதோடதுதான். பின்னாடி ஜெனரேட்டர் இருக்கு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். துணி அலங்காரம், வீடியோ விளக்கு, ஓமப் புகை, காலி நாற்காலிகள், நான் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறிகள். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர்களுடைய ஆசிரியர், இப்படி யாரும் சொல்லுவதில்லை என்று நன்றி சொன்னார். திரும்பிப் பார்த்தபோது பெரியப்பா அங்கே இல்லை.

பந்தியில்தான் மறுபடி வந்தார். வடையும் சாம்பாருமாகத் தன் கையாலேயே எல்லோருக்கும் பரிமாறினார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் இலையைப் பார்த்தே பரிமாறினார். பேருந்து கிளம்பும் முன் நான் அவரிடம் போனேன்.

"உன் மானத்த காப்பாத்தலாம்னு பாத்தேன்" என்றார். "பசங்க முன்னாடி என்ன பொய்யனாக்கிட்ட."

"நான் அதுக்கு சொல்லல பெரிப்பா."

"எதுக்கோ சொன்ன. உடு. வண்டி நிக்குது பாரு."

சென்னை வரும் வரை அந்தப் பிள்ளைகள் என்னிடம் வந்து வந்து பேசினார்கள். மதிப்போடு பேசினார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. உண்மையைச் சொல்லி நான் நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன். எனக்காகப் பொய் சொன்னவர் தன் மண்டபத்திலேயே தலைகுனிந்து வடை பரிமாறினார். கல்யாணத்தன்று அவர் தெருவில் நின்றபோது பேசியிருக்க வேண்டிய வாய் என்னுடையது. அன்று பேசாமல், அவரே என்னை மறைத்துப் பாதுகாத்த நாளில் போய்ப் பேசியது.

மறுநாள் தலைமை ஆர்க்கிடெக்டிடமும் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். பிறகு, அடுத்து வந்த வேலைகளில் எங்கள் கட்டடங்களைக் கட்டி முடித்த பின்னும் போய்ப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். சில இடங்களில் கணக்கு சரியாக இருந்தது. பல இடங்களில் ஜன்னலைத் திரை போட்டு மூடி ஏசி வைத்திருந்தார்கள். நான் யாருக்கு வரைந்தாலும் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, விசேஷ நாளில் இங்கே என்ன செய்வீர்கள் என்பதைத்தான்.

சில வருடங்கள் கழித்துப் பெரியப்பா வந்தவாசி ரோட்டில் இன்னொரு சின்ன மண்டபம் கட்டினார். முன்பு பிளானை மடித்து வைத்தாரே, அதே உள்ளூர் இன்ஜினியரிடம் கொடுத்துக் கட்டினார். எனக்குத் தங்கை சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது அவள் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. "நீ தப்பா நெனச்சிக்காதக்கா" என்றாள்.

திறப்பு விழாவுக்குப் பத்திரிகை வந்தது, போனேன். தாழ்வான கூரை, இரட்டைக் கதவு, அளவான ஏசி. புதுமை எதுவும் இல்லை. என் மண்டபத்தைவிட அதற்கு மின்சாரம் குறைவாகத்தான் பிடிக்கும் என்று உள்ளே நுழைந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

பெரியப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது பெரிப்பா."

"மேக்கால செவுத்துல ஜன்னல் வச்சிருந்தான். நான்தான் வேணாம்னேன். சாயந்தரம் வெயிலு உள்ள வந்துகினே இருக்கும், ஏசி ஓயாம ஓடும்னு. நீ எப்பவோ சொன்ன இல்ல" என்றார்.

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. மேற்குச் சுவரைப் பார்த்தேன். வெறும் சுவர், வெள்ளையடித்திருந்தது. அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. நல்ல வேலை செய்தீர்கள் என்று சுவரைப் பார்த்தே சொன்னேன். அதற்குள் யாரோ கூப்பிட, அவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்து விருந்தாளிகளைப் பார்க்கப் போனார்.